பேயின் வழக்கு

பேய் உண்டா, இல்லையா என்பது பழைய பட்டிமன்றம். சேலம், நாமக்கல் பக்கம் அதற்கு எப்போதோ தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பேய் உண்டு. அதற்கு நாலு பார்ட்டும் உண்டு! இப்போது நடக்கிற சண்டையெல்லாம், காஞ்சனா பெரிசா அரண்மனை பெரிசா என்பதுதான்.

சந்தேகம் இருந்தால் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைப் பக்கம், சாயங்கால டீ நேரத்தில் போய் நின்று பாருங்கள்.

"அட போங்கண்ணா... காஞ்சனா முன்னாடி அரண்மனையெல்லாம் நிக்குமா?"

"நாலாவது பார்ட் பாத்தியா மாப்ள நீ? தமன்னா என்னமா பண்ணியிருக்குது!"

"தமன்னாவப் பாக்கறதுக்குப் பேய்ப் படத்துக்கு எதுக்குடா போற?"

டீ ஆறிவிடும். சண்டை ஆறாது.

நான் பி.காம் படித்தவன். எதற்கும் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-ல் வந்தது. 'காஞ்சனா' 2011. 'காஞ்சனா 2', 2015. 'காஞ்சனா 3', 2019. கவனித்தீர்களா? நாலும் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்த வருஷங்கள்! சுந்தர்.சி-யின் 'அரண்மனை'க்கு அப்படி ஒழுங்கான கால அட்டவணை கிடையாது. 2014, 2016, 2021, 2024 என்று நினைத்தபோது கதவு திறக்கும்.

தொடர் என்று சொல்கிறோமே தவிர, இவற்றில் ஒரு படத்தின் கதை அடுத்த படத்தில் தொடர்வதில்லை. தொடர்வது பெயர்தான். சேலத்துக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. ஏற்காடு ரோட்டில் இன்னும் வளைவு மட்டும் மிச்சமிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், 1965-ல் 'வல்லவனுக்கு வல்லவன்', 1966-ல் 'இரு வல்லவர்கள்', அதே வருஷம் 'வல்லவன் ஒருவன்' என்று எடுத்துத் தள்ளிய கம்பெனி. ஒரு பெயர் ஓடினால் அந்தப் பெயரை விடாதே என்பது நம் ஊர் பாலபாடம்.

சரி, சண்டைக்கு வருவோம். ரசிகர்கள் போடுகிற மார்க் ஷீட்டில் மூன்று சப்ஜெக்ட். எவ்வளவு பயந்தோம், எவ்வளவு சிரித்தோம், கிராஃபிக்ஸ் எப்படி. மூன்றும் நியாயமான சப்ஜெக்ட்கள்தான். ஆனால் நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதில்தான் படம் பாஸா ஃபெயிலா என்பது தெரியும். அது இதுதான்: பேய்க்கு என்ன வழக்கு?

யோசித்துப் பாருங்கள். நம் ஊர் சினிமாப் பேய் சும்மா வருவதில்லை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறது. போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்ளாத புகார்தான் பேயாக வருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

'முனி'யில் ராஜ்கிரண், அரசியல்வாதியை நம்பி ஏமாந்து உயிரை விட்ட மனுஷன். 'காஞ்சனா'வில் சரத்குமார் ஒரு திருநங்கை. பெற்ற வீடு துரத்திவிடுகிறது. தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்து, ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறார். அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறார். இதைவிடத் தெளிவான வழக்கு வேண்டுமா?

இங்கேதான் லாரன்ஸ் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தார். பேயைப் பார்த்தாலே அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிற பயந்தாங்கொள்ளிதான் ஹீரோ. அவன் பேயின் கதையை முழுசாகக் கேட்கிறான். கேட்டபிறகு, 'என் உடம்பை எடுத்துக்கோ' என்று சம்மதிக்கிறான். ஒரு கமர்ஷியல் ஹீரோ, திருநங்கைக்குத் தன் உடம்பையே கொடுத்துப் பழிவாங்கச் சொல்கிறான். தியேட்டரில் விசில் பறந்தது ஹீரோவுக்கா காஞ்சனாவுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் அந்தப் படத்தின் வெற்றி.

குறை இல்லையா? இருக்கிறது. காஞ்சனா யாரென்று தெரிவதற்கு முன்பு, லாரன்ஸ் புடவை கட்டி வளைந்து நெளிவதை வைத்து நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். பிறகு ஃப்ளாஷ்பேக்கில், 'இவர்களைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?' என்று நம்மையே அழ வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் வரவு வைத்துக்கொள்வது நல்ல கணக்கு இல்லை. இன்னொன்று, அந்த வேடத்தில் நடித்தவர் திருநங்கை இல்லை, ஒரு பெரிய ஸ்டார்.

ஆனால் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காஞ்சனாவுக்கு நியாயம் கிடைக்கச் சாக வேண்டியிருந்தது. நம் சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினி, உயிரோடு போய்ச் சண்டை போட்டு வாங்கினார். போலீஸ் வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2017-ல் நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டராக, பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில் பொறுப்பேற்றார். காஞ்சனாவுக்கு விசில் அடித்த ஊர்க்காரர்கள் இந்த உயிருள்ள கதையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த பாகங்களில் என்ன ஆயிற்று? 'காஞ்சனா 2'-ல் நித்யா மேனனின் கங்கா, மாற்றுத்திறனாளிப் பெண். நல்ல பாத்திரம், நல்ல நடிப்பு. ஆனால் கூடவே மொட்ட சிவா என்று லாரன்ஸே இன்னொரு வேடத்தில் வந்து நின்றுகொண்டார். 'காஞ்சனா 3'-ல் காளியும் அவரே. முதல் இரண்டு படங்களில் ஹீரோ இன்னொருத்தருக்கு உடம்பைக் கொடுத்தார். பிற்பாடு தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார்! அப்புறம் எப்படிங்க நமக்கு உடம்பு சிலிர்க்கும்? வசூலுக்குக் குறைச்சல் இல்லை. வழக்குதான் மெலிந்துபோனது.

இப்போது அரண்மனை கோஷ்டி சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் கணக்கையும் திறக்கிறேன்.

அரண்மனையில் ஹீரோவின் வேலையே வேறு. காஞ்சனாவில் பேயை உள்ளே விடுவார்கள். அரண்மனையில் பேயை அடக்குவார்கள். பெரும்பாலும் அண்ணனாக வரும் சுந்தர்.சி துப்பறிந்து உண்மையைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பிறகும், பாதிக்கப்பட்ட பேயை விட அரண்மனைக் குடும்பம்தான் படத்துக்கு முக்கியம்.

இதனால் வீணாய்ப்போன படம் 'அரண்மனை 2'. அதில் ஹன்சிகாவின் மாயா, சாதி மாறிக் காதலித்ததற்காகச் சொந்த ஜமீன் வீட்டிலேயே கொல்லப்பட்டவள். படம் ரிலீஸ் ஆனது 2016 ஜனவரியில். அதற்கு ஏழு மாசம் முன்பு, 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியோடு போன ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில்தான் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தலித் இளைஞர் ஒருவர் வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காக நடந்த கொலை அது.

படத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் படம் பார்த்த நமக்குச் சம்பந்தம் இருக்கிறதே? மாயாவின் கதை திரையில் ஓடும்போது, இந்தப் பக்கத்துத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு நெஞ்சில் ஏதாவது தைத்திருக்க வேண்டும். தைப்பதற்குள் சூரி காமெடி வந்துவிட்டது, கோவை சரளா வந்துவிட்டார், அம்மன் சிலை வந்துவிட்டது. வழக்கைக் கையில் எடுத்துவிட்டு வாய்தா வாங்கிக்கொண்டே போய்விட்டார்கள்.

'அரண்மனை 4' அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்தது. அதில் கெட்ட சக்தி தனி, வழக்கு வைத்திருக்கிற பேய் தனி. செத்தும் தன் குழந்தையைக் காப்பாற்றத் துடிக்கிற அம்மாவாக தமன்னா. தங்கை சாவில் மர்மம் இருக்கிறது என்று கிளம்புகிற அண்ணன் சுந்தர்.சி, பொருத்தமாக ஒரு வக்கீல்! நாலு அரண்மனையில் நெஞ்சைத் தொட்டது இதுதான். கெட்ட சக்திக்குத்தான் அஸ்ஸாம் நாட்டார் கதைகளிலிருந்து 'பாக்' என்ற ஒன்றை வரவழைத்தார்கள். சிரித்து மயக்கியே உயிரை வாங்குகிற கொல்லிப்பாவை, சங்க காலத்திலிருந்து நம் கொல்லிமலையில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் யாரும் கால்ஷீட் கேட்கவில்லை போலிருக்கிறது.

"பேய்ப் படத்துல நியாயம், வழக்குன்னு எதுக்கு சார்? ஜாலியா பாத்தமா, சிரிச்சமான்னு போங்க" என்று நீங்கள் சொல்லலாம். ஒரே ஒரு கேள்வி. இந்த எட்டுப் படங்களில் நீங்கள் அதிகம் சிரித்தது எதில்? பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் 2011 'காஞ்சனா' என்பார்கள். கோவை சரளா, தேவதர்ஷினி மாமியார் மருமகள் கூத்து இன்றைக்கும் டி.வி-யில் சேனலை மாற்ற விடாது. வழக்கு பலமாக இருந்த படத்தில்தான் சிரிப்பும் பலமாக இருந்தது. பயப்படுகிறவர்கள்மேல் நமக்கு அக்கறை இருந்தால்தான் அவர்கள் பயப்படுவது சிரிப்பாக இருக்கும். அக்கறை இல்லாவிட்டால் வெறும் கூச்சல்தான்.

ஆகவே பட்டறைச் சண்டைக்கு என் தீர்ப்பு: முதலிடம் 'காஞ்சனா'. இரண்டாவது 'முனி'. மூன்றாவது 'அரண்மனை 4'. 'அரண்மனை 2' நல்ல வழக்கைத் தோற்ற படம். மற்றதெல்லாம் லீவு நாளில் டி.வி-யில் வந்தால் பார்க்கலாம்.

அப்பீல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பயம், சிரிப்பு, கிராஃபிக்ஸ் என்று மட்டும் வாதாடினால் தள்ளுபடிதான். பேய் என்ன கேட்டது, படம் அதற்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.