மண்ணில் எழுந்த பெண் கூட்டம்
கன்னிமார் என்னும் ஏழு கன்னித் தெய்வங்கள் தனித்து நிற்பதில்லை. எழுவரும் தோளோடு தோளாக ஒரே வரிசையில் இருப்பார்கள். திருத்தணி மலையில் ஏழு சுனையருகே அவர்களுக்குக் கோயில் உண்டு. தமிழகத்தின் பல ஊர்களில் குயவர்கள் இவர்களைச் சுடுமண்ணில் வடிக்கின்றனர். உமி கலந்த களிமண்ணால், உள்ளே கூடாக விட்டு, உடலை எழுப்புவார்கள். சூளையில் வெடிக்காதிருக்கத் துளை விடுவார்கள். கன்னியராகவே நிற்கும் பெண் கூட்டத்துக்கு இதைவிட அழகான வடிவம் அரிது.

பெண்களை ஒன்றாக நிறுத்தும் கற்பனை வேறு வடிவங்களிலும் உண்டு. பெண்கள் ஆளும் நாட்டை எழுத்தாளர் ரொக்கேயா உசேன் கற்பனை செய்த ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னை இதழொன்றில்தான் வெளிவந்தது. அமெரிக்காவில் கலைஞர் ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை பலரோடு சேர்ந்து உருவாக்கிய விருந்து மேசைக் கலைப்படைப்பில் 39 பெண்களுக்குப் பீங்கான் தட்டுகள். முதல் தட்டுகள் தட்டையானவை. போகப்போக உருவங்கள் புடைத்து எழுகின்றன. 2007 முதல் அந்தப் படைப்பு புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக உள்ளது.