ஓவலில் வேகம், மொனாக்கோவில் நெரிசல்

கார் பந்தயத் தடங்களில் பார்வைக்கு எளியது ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடம். 1909-ல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் ஒரு சுற்று 4 கிலோமீட்டர். நான்கு வளைவுகள், நான்கும் இடப்பக்கமே. இடப்பக்கம் திருப்பத் தெரிந்தால் போதும் என்ற கேலி இதனால்தான் பிறந்தது. டேடோனா, டல்லடேகா தடங்களில் வளைவின் வெளிப்புறம் 30 பாகைக்கும் மேல் சாய்த்து உயர்த்தப்பட்டிருப்பதால், வேகம் குறையாமலே கார் திரும்பிவிடுகிறது. 1987 டல்லடேகா தகுதிச் சுற்றில் ஓட்டுநர் பில் எலியட்டின் சராசரி வேகம் மணிக்கு 342 கிலோமீட்டர். அதே போட்டியில் பாபி அலிசனின் கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. மறு ஆண்டு முதல் எஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் குறைக்கும் தகடு இவ்விரு தடங்களிலும் கட்டாயமாயிற்று. கார்களின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகிவிடவே, முன்னால் போகும் காரை ஒட்டிச் சென்று, எதிர்க்காற்று குறைந்த அந்த இடைவெளியில் வேகம் சேர்த்து முந்துவதே வெற்றிக்கு வழியானது. கேலிக்குரிய வேலையல்ல அது. சுற்றுக்கு 850 மீட்டர் மட்டுமே உள்ள மார்ட்டின்ஸ்வில் போன்ற குட்டி ஓவல்களில் கதையே வேறு: அங்கே முதலில் களைப்பது பிரேக்.

இருபுறமும் வளைந்து, ஏறி இறங்கும் நிரந்தரச் சாலைத் தடங்களில் சிக்கல் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையில் தொடங்குகிறது. நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட இத்தாலியின் மோன்சாவுக்குச் சிறிய இறக்கை போதும். பெல்ஜியத்தின் ஸ்பாவில் அப்படி முடிவெடுக்க முடியாது. 7 கிலோமீட்டர் சுற்றின் முதல், கடைசிப் பகுதிகள் நேர்வேகம் கேட்கின்றன. நடுப்பகுதி வளைவுகளோ பிடிமானம் கேட்கின்றன. ஒரு முனையில் மழை, மறுமுனையில் வெயில் என்பதும் அங்கே வழக்கம்தான். அணியின் கணக்கையும் ஓட்டுநரின் கையையும் ஒருசேரச் சோதிப்பதில் ஸ்பாவுக்கு நிகரான தடங்கள் குறைவு. ஜெர்மனியின் 20.8 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங் பழைய தடம் இதைவிடக் கொடியது. 1976-ல் ஓட்டுநர் நிக்கி லவுடா அங்கே விபத்தில் தீக்காயமடைந்த பிறகு ஃபார்முலா 1 அதன் பக்கம் திரும்பவில்லை.

வீதித் தடத்துக்கு மொனாக்கோவே உதாரணம். ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், இருபுறமும் தடுப்புச் சுவர். முந்த இடமில்லாததால் சனிக்கிழமை தகுதிச் சுற்றிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். இதை மாற்ற 2025-ல் இரண்டு டயர் மாற்றங்கள் கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் சில அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வந்தவர்களை அடைத்து, தங்கள் இன்னொரு காருக்கு டயர் மாற்ற நேரம் சம்பாதித்தன. விதி தோற்றது; தடத்தின் அகலம் மாறாமல் பந்தயம் மாறாது.

சென்னையும் பல வகைத் தடங்களைக் கண்ட நகரம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனைப் போலவே சோழவரத்திலும் விமான ஓடுதளமே பந்தயத் தடமாயிற்று. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்தது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. அந்த வீதிகள் பந்தயம் முடிந்ததும் போக்குவரத்துக்குத் திரும்பிவிட்டன. ஓட்டுநர்களின் அன்றாடப் பயிற்சிக்கு இருங்காட்டுக்கோட்டைதான்.