ராட்சசனுக்கு அண்ணன் தம்பி இல்லையா?

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு நண்பர்கள் நான்கு பேருக்கு ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ நடத்திக்கொண்டிருந்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர். அன்றைக்கு நான். கோட்டையின் கடைசி அறையில் ஒரு ராட்சசன் நிற்கிறான். நால்வரில் ஒருத்தி பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அடிக்கறதுக்கு முன்னாடி பேசிப் பாக்கலாமா? இவன் யாரு, எதுக்கு இங்க நிக்கறான்?”

விதிநூலைப் புரட்டினேன். உயிர்ப்புள்ளிகள் 110. எந்த மந்திரம் பலிக்காது, எந்த ஆயுதம் இரட்டிப்பாக வலிக்கும் எல்லாம் துல்லியமாக இருந்தது. அவன் எவ்வளவு தீயவன் என்றும் விரிவாக எழுதியிருந்தார்கள். அவள் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நாற்பது நிமிடத்தில் 110 பூஜ்யமானது. எல்லோரும் கைதட்டினோம். வீடு திரும்பும்போது எனக்கு எதுவோ உறுத்தியது.

இந்த ராட்சசன் வந்த வழி சுவாரசியமானது. 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் ராட்சசன் வருகிறான். பலியாகப்போகிறவர் யாரை நம்புகிறாரோ அவருடைய உருவத்தில் வருவான். மந்திரித்த குறுக்குவில் அம்புதான் அவனைக் கொல்லும். சரியாக ஒரு வருடம் கழித்து, 1975இல், ‘தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ’ இதழ் வழியாக அவன் ஆட்டத்துக்குள் நுழைகிறான். 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் டேவிட் டிராம்பியர் அவனை வரைந்தார்: புலித்தலை, சீமான் உடை, கையில் புகைக்குழாய். நம்பிக்கைக்குரியவரின் வேஷமும் அந்த அம்பும் கூடவே வந்துவிட்டன. வால்மீகியைவிட அந்தத் தொடருக்குத்தான் இவன் நெருங்கிய சொந்தம்.

உடனே ‘நம்ம ராட்சசனைக் கெடுத்துட்டாங்க’ என்று கிளம்ப வேண்டியதில்லை. புலித்தலை எனக்குப் பிரச்சினையே இல்லை. வேஷம் மாறுவதும் இராமாயணத்தில் உள்ளதுதான். மாரீசன் மானாக வருகிறான், இராவணன் சந்நியாசியாக வருகிறான். சொல்லப்போனால் ஓர் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல எதிரி கிடைப்பது கஷ்டம். கூட வருகிறவனை நம்பலாமா என்ற சந்தேகமே பாதி விளையாட்டு.

என் குறை வேறு. மூலக்கதையில் ராட்சசனுக்கு உறவு உண்டு. இராவணன் புலஸ்தியரின் பேரன். அவன் தம்பிகளில் ஒருவன் தர்மம் பார்த்துக் கட்சி மாறுகிறான். இன்னொருவன், கும்பகர்ணன், அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அண்ணனுக்காகவே சாகப்போகிறான். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொல்கிற திரிசடை ஒரு ராட்சசி. மகாபாரதத்தில் கடோத்கசன் பீமனின் பிள்ளை. ஒரே குலத்தில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு முடிவெடுக்கிறார்கள். விதிநூலிலோ ‘குணநெறி’ என்று ஒரே ஒரு கட்டம். அதில் மொத்த இனத்துக்கும் சேர்த்துத் ‘தீயவன்’ என்று நிரப்பியாகிவிட்டது.

இன்னொன்று, அவன் சாகும் விதம். தேவர், அசுரர், நாகர், இன்ன பிறர் யாராலும் சாகக் கூடாது என்று இராவணன் வரம் வாங்குகிறான். மனிதர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்களெல்லாம் ஒரு பொருட்டா? நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நன்றாகப் பழக்கமான பிழை. எல்லா வாய்ப்பையும் யோசித்துவிட்டோம் என்ற மிதப்பில் ஒன்றை விட்டுவிடுவோம், அதன் வழியாகத்தான் எல்லாம் உடையும். இராவணனின் ஓட்டை அவனுடைய அகங்காரத்தின் அளவுக்கே வெட்டப்பட்டிருக்கிறது. மந்திரித்த அம்புக்கும் புலித்தலையனுக்கும் இடையே அப்படி என்ன சம்பந்தம்? பூட்டுக்கு ஒரு சாவி, அவ்வளவுதான்.

கதைக்கு அவகாசம் உண்டு, ஆட்டத்துக்கு இன்றிரவே முடிவு வேண்டும், எண்கள் இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு விடை சுவீடனிலிருந்து 2020இல் வந்த ‘வேசன்’ ஆட்டத்தில் இருக்கிறது. யோஹான் எகெர்க்ரான்ஸ் எழுதி வரைந்த நோர்டிக் தொன்ம நூலை அடிப்படையாகக் கொண்டது. களம் 19ஆம் நூற்றாண்டு ஸ்காண்டிநேவியா. ஆலைகள் வருகின்றன, ஜனங்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், வீட்டையும் ஆற்றையும் காத்த பழைய ஆவிகளுக்கும் மனிதர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் முறிகிறது. இதிலும் எண்கள் உண்டு, பகடை உண்டு. ஆனால் ஓர் ஆவியை அடித்தால் அது அப்போதைக்கு விலகும், அவ்வளவே. அது ஏன் கோபமாக இருக்கிறது, அதற்கு எது தீர்வு என்று ஊருக்குள் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பண்ணை வீட்டைக் காக்கும் குள்ள ஆவிக்குக் கிறிஸ்துமஸுக்கு வெண்ணெய் போட்ட கஞ்சி வைக்கிற வழக்கம் அந்த நாட்டார் கதைகளில் உண்டு. வைக்க மறந்தால் அது கோபிக்கும். கதையின் விதி எதுவோ அதுவே ஆட்டத்தின் விதியாகிறது.

‘வேசன்’ முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நாலைந்து மர்மங்கள் ஆடியதும் வார்ப்பு தெரிந்துவிடுகிறது: ஊருக்குப் போ, விசாரி, சடங்கைக் கண்டுபிடி, முடி. உயிர்ப்புள்ளியின் இடத்தில் துப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனாலும் அது முதலில் கேட்கும் கேள்வி சரியானது. அந்த ஆவிக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்?

அடுத்த மாதம் அதே நால்வருக்கு இன்னொரு ராட்சசனைக் கொண்டுவந்தேன். எண்களில் கைவைக்கவில்லை. குணநெறிக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு ஓரத்தில் மூன்று வரி எழுதிக்கொண்டேன். யாருடைய சோற்றைத் தின்றவன்? என்ன வரம் வாங்கினான்? அதில் எதைக் கேட்க மறந்தான்?

அன்றைக்கும் அவள் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டாள். இந்த முறை அவன் பேசினான். தன்னை வளர்த்தவன் செய்தது தப்புதான் என்று ஒத்துக்கொண்டான். வழிவிட மட்டும் மறுத்தான். கடைசியில் செத்தான், ஆட்டம் ஆட்டம்தானே. ஆனால் அந்தக் கடைசி அடிக்குப் பகடையை உருட்ட அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை.