சிவநடனக் கட்டுரையும் கோடைக்காலக் கல்விப் பயணமும்

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்கென வகுக்கும் கோடைக்காலக் கல்விப் பயணங்களுள் கலை, தத்துவம், சமயம் என்னும் முத்தலைப்பில் அமைவன தமிழகத்தையும் நாடி வருகின்றன. மாமல்லபுரம், தஞ்சை, சிதம்பரம், மதுரை எனச் சில வாரங்களில் வழி முடிந்துவிடும். மலேசியாவிலிருந்து பள்ளி விடுமுறையில் செல்லும் நம் மாணவரும் ஆசிரியரும் ஏறத்தாழ இவ்வழியிலேயே செல்கின்றனர். பயணத்திற்குமுன் படிக்கத் தரப்படுவனவற்றுள் ஆனந்த குமாரசுவாமியின் 'சிவநடனம்' என்னும் ஆங்கிலக் கட்டுரை முதலிடம் பெறுதல் வழக்கம். அக்கட்டுரையின் பெருமையை இங்கு நாம் மறுக்கவில்லை. அது ஒரு பயணத்தின் வாயிலாக அமையும்போது மாணவர் எதைக் காண்கின்றனர், எதைக் காணத் தவறுகின்றனர் என்பதே நம் வினா.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் வந்த முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, பின்னர்ப் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் ஆனந்த குமாரசுவாமி. 1918இல் நியூயார்க்கில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதிக்கு இக்கட்டுரையே பெயர் தந்தது. இந்தியச் சிற்பத்தைப் பல கை கொண்ட விகாரம் என எள்ளிய காலத்தில், ஒவ்வோர் அங்கமும் பொருளுடையது என நிறுவிய எழுத்து அது. உடுக்கையில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, அனலில் அழிப்பு, ஊன்றிய அடியில் மறைப்பு, தூக்கிய அடியில் அருள் என்னும் விளக்கத்தை இன்று பள்ளி மாணவரும் ஒப்பிப்பர். பிரிட்ஜோஃப் காப்ரா 1975இல் இந்நடனத்தை அணுத்துகள் இயக்கத்தோடு ஒப்பிட்டு எழுதியதும், 2004இல் இந்திய அரசின் கொடையாக நடராசர் படிமம் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் நிறுவப்பட்டதும் அவ்விளக்கம் சென்ற தொலைவைக் காட்டும்.

அவ்விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் குமாரசுவாமி மறைக்கவில்லை. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பில் எடுத்தாள்கிறார். உண்மை விளக்கம் மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று. மனவாசகங்கடந்தார் தம் ஆசிரியரை வினவ, அவர் விடையளிப்பதாக அமைந்த 13ஆம் நூற்றாண்டு நூல். மாணவன் கேட்பது சிற்பத்தின் பொருளையன்று, ஐந்தெழுத்தின் கூத்தை. நாம் கைவிளக்கப் படமாக்கிக்கொண்ட செய்தி, தீக்கை பெற விழைவோனுக்குச் சொல்லப்பட்ட விடையின் ஒரு பகுதி. நடராசச் செப்புத் திருமேனி உருப்பெற்றதோ 10ஆம் நூற்றாண்டளவில். முன்னைய படிமத்திற்குப் பின்னைய நூலைக் கொண்டு பொருள் காணலாமா என்னும் ஐயத்தைப் பத்மா கைமல் 1999இல் எழுப்பினார். ஐயம் முறையானது. எனினும் சாத்திரத்தை விலக்கிவிட்டால் அரச அதிகாரமே எஞ்சும் என எண்ணுவாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. செப்புத் திருமேனிக்கும் முற்பட்ட தமிழ்ச் சான்று ஒன்று உண்டு; அதுதான் தேவாரம்.

7ஆம் நூற்றாண்டில் தில்லைக் கூத்தனைப் பாடிய அப்பர், தூக்கிய அத்திருவடியைக் காணப் பெறின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்றார். பிறவி அறுத்தலையே பேறெனக் கொள்ளும் சமயத்தில் இஃது எளிய கூற்றன்று. கண்ணால் காணுதல் ஒரு தத்துவக் கோட்பாட்டையே நிறுத்தி வினவுகிறது. கலை, தத்துவம், சமயம் என மூன்று வகுப்பு நேரங்களாகப் பிரித்த பாடத்திட்டத்தில் இப்பாடலை எந்த நேரத்தில் நடத்துவது? அப்பர் அங்கங்களுக்குக் குறியீட்டுப் பொருள் கூறவில்லை. புருவத்தையும் சிரிப்பையும் சடையையும் நீற்றையும் கண்டு நிற்கிறார்.

கோயிலில் மாணவர் காண்பதும் படத்தில் உள்ள வடிவமன்று. பட்டும் மாலையும் அணியும் போர்த்த திருமேனியில் முகமும் தூக்கிய அடியும் போலச் சிலவே தோன்றும். நூலில் படித்த நான்கு கைகளைத் தேடி ஏமாறுவோர் உளர்! நடராசருக்கு ஆண்டில் ஆறு திருமுழுக்குகள்; அவற்றுள் ஆனித் திருமஞ்சனம் ஜூன், ஜூலைத் திங்களில், அதாவது கோடைப் பயணக் காலத்திலேயே நிகழ்கிறது. தில்லையில் உற்சவர் தனியே இல்லை. மூலவரே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறி வீதிக்கு வருகிறார். இத்தனை பொருத்தமாக நாள் வாய்த்தும் சிதம்பரத்திற்கு அரைநாள் ஒதுக்கும் திட்டத்தை என்னென்பது? சுவாமிமலை வார்ப்புக் கூடத்திலும் இவ்வாறே. தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு காணும் ஒடியோலை முறையும், மெழுகு உருவின்மேல் வண்டல் மண் பூசி உருக்கி வார்த்தபின் அச்சை உடைத்துவிடும் முறையும் பொறுமையோடு நின்று காண வேண்டியவை. நினைவுப் பொருள் வாங்கும் நேரத்தில் அவை விளங்கா.

மாற்று வழி இல்லாமலில்லை. 1961இல் நிறுவப்பட்ட அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையில் நெடுங்காலம் நடத்திவந்துள்ள கோடைக்காலத் தமிழ் வகுப்புகளில் மொழியே முதற்பாடம். அவ்வகுப்பில் பயின்ற வெளிநாட்டு மாணவர் தேவாரத்தைத் தட்டுத் தடுமாறியேனும் தமிழில் படிப்பர். தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற நம் மாணவரோ அதே தில்லையை ஆங்கிலக் கட்டுரை வழியே சென்றடைகின்றனர். நம்மை உறுத்துவது இதுவே.

விமானம் ஏறுமுன் செய்யத்தக்க பயிற்சி ஒன்றும் உண்டு. கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலம் கடந்தால் கேரித் தீவு. அங்கு வாழும் மா மெரி மக்களின் மரச் சிற்பங்களும் முகமூடிகளும் மூதாதை ஆவிகளாகிய மோயாங்கின் வடிவங்கள். வெளிநாட்டுப் பயணிகள் அவற்றைக் கைவினைப் பொருளாக வாங்கிச் செல்கின்றனர். அவை ஆடலிலும் மூதாதையர் வழிபாட்டிலும் உயிர் பெறுவன. மா மெரி கலை பற்றி ரோலண்ட் வெர்னர் எழுதிய நூலும் உண்டு. முகமூடியின் பெயரை அம்மக்கள் மொழியில் கேட்டு, அதன் கதையைச் சொல்லச் செய்து, அது எந்நாளில் யாரால் அணியப்படுகிறது என வினவி எழுதிவருமாறு ஆசிரியப் பயிற்சி மாணவரை ஒரு நாள் அங்கு அனுப்பலாம். பின்னர் அதே வினாக்களோடு அப்பரின் தில்லைப் பதிகங்களை வகுப்பில் படித்து, அதன்பின் உண்மை விளக்கத்தையும், இறுதியில் குமாரசுவாமியின் கட்டுரையையும் தரலாம். பயண நாளை ஆனி உத்திரத்தை ஒட்டிக் குறித்தல் வேண்டும். நம் பள்ளி விடுமுறை அதற்கு இடந்தராவிடில் மார்கழித் திருவாதிரை உண்டு.