நஸீஃப் இல்லம்: கட்டடமும் கிதாபுகளும்

வணிகர் ஒருவரின் இல்லத்தைப் பேணுதல், அதன் சுவர்களைப் பேணுவதோடு நிறைவு பெற்றுவிடுமா? ஜித்தாவின் பழைய நகரான அல்பலதில் நிற்கும் நஸீஃப் இல்லம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. செங்கடலில் நீராவிக் கப்பல்கள் பெருகின. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஹாஜிகள் திரளாக ஜித்தாவில் வந்திறங்கினர். அக்காலத்தில், 1872இல், பெருவணிகர் உமர் எஃபெந்தி நஸீஃப் இவ்வில்லத்தைக் கட்டத் தொடங்கினார். 1881இல் பணி நிறைவுற்றது. பவளப்பாறைக் கற்களை அடுக்கி, இடையிடையே மரச்சட்டங்களைக் கிடத்திச் சுவர் எழுப்பினர். 'ரவாஷீன்' எனப்படும் மரவேலைப்பாட்டு மாடங்கள் கடற்காற்றை உள்ளே விட்டு, வெளியார் பார்வையைத் தடுத்தன. வாயிலில் நின்ற வேப்பமரத்தை அடையாளமாகக் கொண்டு 'மரத்தடி வீடு' என்றே மக்கள் இதனைச் சுட்டினர்.

1925 டிசம்பரில் ஜித்தாவினுள் நுழைந்த மன்னர் அப்துல் அஸீஸ் இங்குத் தங்கினார். இவ்வில்லத்தைப் பற்றி எழுதுவோர் இதனைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால் இதனையே இல்லத்தின் சிகரமாகக் கொள்வது நமக்கு உடன்பாடன்று. மன்னர் விருந்தினராக வந்து சென்றார். கல்வியோ இங்குப் பல்லாண்டுகள் குடியிருந்தது. உமரின் பேரர் முஹம்மது நஸீஃப் (1885–1971) வணிகக் குடும்பத்தில் பிறந்து நூல் திரட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அவருடைய நூலகத்தை நாடி ஆலிம்களும் ஆய்வாளர்களும் இவ்வாயிலை மிதித்தனர். வணிகத்தில் ஈட்டிய பொருள் அறிவுச் செல்வமாக மாறிய வரலாறே இவ்வில்லத்தின் உண்மை வரலாறு எனலாம்.

அவருடைய மறைவுக்குப் பின் அந்நூல்கள் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. இல்லத்தை அரசு பொறுப்பேற்றுச் சீரமைத்தது. பழைய ஜித்தா 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. நூல்களை இடம் மாற்றியதை நாம் குறைகூறவில்லை. கடற்கரை ஈரத்தில் தாள் நலிவுறும். மேலும், பல்கலைக்கழகத்தில் அவை மாணவர் பலருக்கும் எட்டும். நம் கவலை வேறு. கட்டடம் ஓரிடத்திலும் கிதாபுகள் வேறிடத்திலும் இருக்கையில், வரலாற்றையும் இரண்டாகப் பிரித்துவிடுதல் எளிது. அப்போது காண்போர் மரவேலைப்பாட்டை வியந்து திரும்புவர். அம்மாடங்களின் நிழலில் நிகழ்ந்த வாசிப்பை அறியார்.

கட்டடத்தைக் காட்டுவோர் கிதாபுகளையும் நினைவூட்ட வேண்டும். கிதாபுகளைக் காப்போர் அவை வந்த வீட்டை மறத்தலாகாது. நம் ஊர்களிலும் பழைய வணிகர் இல்லங்களில் அரபுத்தமிழ் ஏடுகள் உள்ளன. வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் அப்பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக!