'சின்ன உலக'மும் இளம் விரிவுரையாளரும்

2025 ஜனவரியில் மறைந்த டேவிட் லொட்ஜின் 'ஸ்மோல் வேர்ல்ட்' (1984) மாநாட்டுக்கு மாநாடு பறந்து திரியும் இலக்கியப் பேராசிரியர்களைப் பற்றிய நாவல். நகைச்சுவை நாவலாகவே அது பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இப்பயணங்களுக்குப் பணஞ் செலுத்துவோர் யார் என்ற வினாவோடு நாம் அதனை அணுகுமிடத்து, ஆசிரியர் கருதாத சில உண்மைகள் புலப்படுகின்றன.

மொறிஸ் ஸப் போன்ற மூத்தோருக்கு அழைப்புகள் தாமாகவே வருகின்றன. அயர்லாந்தின் லிமறிக்கிலிருந்து வரும் இளம் விரிவுரையாளன் பேர்சோ, கவிதைக்குக் கிடைத்த பரிசுப் பணத்தையும் கடனட்டையையும் கொண்டே உலகைச் சுற்றுகிறான். நிறுவனம் தராததை ஆசிரியர் அதிர்ஷ்டத்தால் ஈடுசெய்கிறார். காதற்கதைக்கு இஃது இயல்பான உத்தி. யதார்த்தத்தை மறைக்கும் உத்தியும் இதுவே.

2020 மார்ச்சில் பரவலான கொவிட் பெருந்தொற்று இம்மறைப்பைக் கலைத்தது. நாவலின் உச்சக்கட்டம் நிகழும் அமெரிக்க நவீன மொழிச் சங்க மாநாடு 2021 ஜனவரியில் முற்றாக இணையவழி நடைபெற்றது. பெயர்பெற்றோர் இழந்தது சிறிது. அவர்தம் தொடர்புகள் முன்னரே அமைந்தவை. ஆயின் அவுஸ்திரேலியா 2020 மார்ச் 20 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியபோது, அங்கு ஆய்வுக்கு இடம்பெற்றிருந்த இளையோர் எதனை இழந்தனர்? பிரித்தானியாவோ அதே காலத்தில் ஐரோப்பிய எராஸ்மஸ் திட்டத்திலிருந்து விலகியது. ஈடாக 2021இல் வந்த டூரிங் திட்டம் மாணவருக்கே நிதி வழங்கிற்று, கற்பிப்போருக்கு வழங்கவில்லை.

மாநாட்டுப் பயணங்கள் குறைந்தமை நன்றே என்பாரது வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. பல மாநாடுகள் உல்லாசப் பிரயாணங்களே. எனினும், மாநாட்டு உல்லாசத்தையும் ஆய்வுப் பயிற்சியையும் ஒரே கணக்கிலெழுதி, இரண்டும் நின்றமையைச் சேமிப்பெனக் கொள்வது நிருவாகத்தின் தருக்கமாகும். வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்பை நம்பியிருக்கும் எமது தகுதிகாண் விரிவுரையாளர் அதனை ஏற்றல் இயலாது.

லொட்ஜின் கற்பனை நகரான றம்மிஜின் மூலம் பேர்மிங்ஹாம். 1960 முதல் அவர் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில், அதே தசாப்தத்தில், மார்க்சியக் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் க. கைலாசபதி ஆய்வு செய்தார், கா. சிவத்தம்பியும் அவரிடமே பயின்றார். கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. தமிழாய்வின் திசையை மாற்றிய இம்முயற்சிகள் இருபது நிமிடக் கட்டுரை வாசிப்பில் பிறந்தனவல்ல. ஆண்டுக்கணக்கில் ஓர் ஆசிரியரோடும் ஒரு நூலகத்தோடும் பழகியதன் பேறுகள். திரைவழிச் சந்திப்பு இவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

இத்தகைய பயணி லொட்ஜுக்குத் தெரியாதவரல்லர். ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்து அங்காரா திரும்பிய துருக்கியர் அக்பில் பொறாக் நாவலில் வருகிறார். ஆனால் ஹல் நகர்மீது அவர் கொண்ட பற்று நாம் சிரிப்பதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. அந்நகர் அவருக்கு எதனை அளித்தது என்று நாவல் எங்கும் வினவவில்லை.