சமூகப்பணிக் கல்வியில் இனவெறியும் சாதியும்: கல்லல் வட்டாரக் களப்பணியை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

திறவுச்சொற்கள்: சமூகப்பணிக் கல்வி, இனவெறி எதிர்ப்பு, சாதி, களப்பணி, கல்லல், கண்டதேவி

முன்னுரை

சமூகப்பணி முதுகலை வகுப்புகளில் இனவெறி பெரும்பாலும் ஓர் அயல்நாட்டுப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்க அடிமை முறையும் தென்னாப்பிரிக்க நிறவெறியும் எடுத்துக்காட்டுகளாகின்றன. காரைக்குடியிலிருந்து பேருந்தேறிக் கல்லல் ஒன்றியச் சிற்றூர்களில் களப்பணி செய்து திரும்பும் மாணவருக்கு அவை தேர்வுக்குரிய செய்திகளாக மட்டுமே நின்றுவிடுகின்றன.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1936இல் மும்பையில் தொடங்கப்பெற்ற முதல் சமூகப்பணிக் கல்லூரியின் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் அமெரிக்கர். தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு ஆகிய முறைகள் அமெரிக்க வடிவிலேயே இங்கு வந்தன. அதே 1936இல்தான் அம்பேத்கரின் சாதி ஒழிப்பு நூல் வெளிவந்தது. அது பாடத்திட்டத்தின் அடித்தளமாக அமையவில்லை என்பது எண்ணத்தக்கது.

இனவெறி எதிர்ப்புக் கற்பித்தல்

பிரித்தானியாவில் லீனா டொமினெல்லி 1988இல் இனவெறி எதிர்ப்புச் சமூகப்பணி குறித்த நூலை வெளியிட்டார். தனிமனித, நிறுவன, பண்பாட்டு நிலைகளில் இனவெறி இயங்குவதை அவர் வேறுபடுத்திக் காட்டினார். மறு ஆண்டே அந்நாட்டுச் சமூகப்பணிக் கல்வி மன்றம் இனவெறி எதிர்ப்புத் திறனைப் பயிற்சியின் கட்டாயக் கூறாக்கியது. இதழ்களும் அரசியலாரும் எதிர்த்தமையால் 1995இல் விதிகள் திருத்தப்பெற்று அழுத்தம் குறைந்தது. முப்பிரிவில் முதலாவதே எளிதில் வகுப்பறைக்குள் நுழைகிறது. மனத்தப்பெண்ணத்தைக் களைந்தால் போதும் என மாணவர் கருதிவிடுகின்றனர்.

சாதியை இனவெறியோடு ஒப்பிடலாமா என்பது தனி விவாதம். 2001 டர்பன் மாநாட்டில் இந்திய அரசு கூடாதென்றது, 2002இல் ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்றது. சாதிக்கு இன அடிப்படை இல்லையென அம்பேத்கரும் மறுத்துள்ளார். ஆதலின் தோற்றத்தை ஒப்பிடுவதைவிட, இயங்குமுறையை ஒப்பிடுவதே வகுப்பறைக்குப் பயன்தரும்.

இராமநாதபுரத் தடைகள்

அதற்கான சான்று இவ்வட்டாரத்திலேயே உள்ளது. கல்லல் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்மீது கள்ளர் நாட்டார்கள் எட்டுத் தடைகளை விதித்ததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது. குடையும் செருப்பும் கூடா. மீறியோர் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் பிள்ளைகள் படிக்கலாகாது, நிலத்தை மிராசுதாரர்க்கு மலிவாக விற்க வேண்டும், இல்லையேல் பாசனநீர் இல்லை என்பனவும் சேர்ந்தன. கூலியும் வேலை நேரமும் வரையறுக்கப்பட்டன.

முதற்பட்டியல் பெரிதும் உடலைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது நிலத்தையும் நீரையும் உழைப்பையும் பற்றுகிறது. ஆறு திங்களுக்குள் நிகழ்ந்த இந்நகர்வே பாடத்தின் உயிர்நிலை. செருப்பணியத் தடை விதித்த மனத்தை மட்டும் திருத்த முயலும் சமூகப்பணியாளர், மடையை அடைக்கும் அதிகாரத்தைக் காணத் தவறுகிறார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமை முறைக்குப் பின் நிலவிய குத்தகை முறையும் இவ்விணைப்பைக் கொண்டதே. ஒப்பீடு இவ்விடத்தில்தான் பொருள் பெறுகிறது.

இது பழங்கதையன்று. 1979இல் உஞ்சனையில் புரவியெடுப்பு தொடர்பான மோதலில் பட்டியல் சாதியினர் கொல்லப்பட்டனர். கண்டதேவித் தேர்வடம் பிடிக்கும் உரிமை குறித்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, நெடுங்காலம் நின்றிருந்த தேர் 2024 ஜூனில் காவல்துறைப் பாதுகாப்புடன் ஓடியது.

களப்பணிப் பதிவேடு

வழக்கமான களஆய்வு வினாநிரலில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. அது எண்ணுவதற்கு உதவுமேயன்றி உறவைக் காட்டாது. மதுப்பழக்கம், பள்ளி இடைநிற்றல், கடன் என்னும் தலைப்புகளில் வீடுகள் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. பங்கேற்பு முறையில் வரையப்பெறும் சமூக வரைபடம் இதனினும் மேலானது. தெருக்கள், கண்மாய், மடை, இடுகாட்டுப் பாதை ஆகியவற்றை ஒரே தாளில் வைத்தபின், எவர் எங்கு நிலம் வைத்துள்ளார், மடை திறக்க எவரைக் கேட்க வேண்டும் என வினவினால் இராமநாதபுரத் தடைகளின் எச்சங்கள் புலப்படும். வரைபடத்தை அழகுற வரைந்து ஒட்டுவதோடு பணி முடிந்ததாகக் கொள்ளும் துறைகளே மிகுதி.

இதனினும் கடினமானது மாணவரின் சொந்த இடம். களத்தில் நுழையும் மாணவரிடம் சொந்த ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியை அறிய முயல்வது நாட்டுப்புறத்தில் இயல்பு. பட்டியல் சாதி மாணவிக்குத் திண்ணையில் இடம் கிடைக்காமற் போகலாம். உடன் சென்ற தோழிக்கு மோர் கிடைக்கலாம். இருவரின் பதிவேட்டிலும் நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது என்னும் ஒரே தொடரே எழுதப்பெறுகிறது. அதற்கு ஒரே மதிப்பெண்ணும் வழங்கப்படுகிறது.